ஹாலுகெரே வைஃபைக்குப் பூட்டுப் போட்ட கதை

ஹாலுகெரே பட்டணப் பஞ்சாயத்தின் பிறப்பு இறப்புப் பிரிவில் வேலை பார்க்கும் வனஜாக்ஷிக்கு அந்த ஆஷாட மாதத்தில் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்க வேண்டி வந்தது. பிடுங்கியதோடு வீட்டுக்குப் போய்ப் படுத்திருந்தால் இந்தக் கதையே இல்லை. அரைநாள் லீவை வீணாக்குவானேன் என்று பஞ்சைக் கடித்துக்கொண்டு மதியம் ஆபீசுக்கு வந்தாள் பாருங்கள், அங்கேதான் தவறினாள். அரசாங்க அலுவலகத்துக்கு எந்த நிலையில் வேண்டுமானாலும் போகலாம். வாய் திறக்க முடியாத நிலையில் மட்டும் போகக் கூடாது.

அன்றுதான் ஊருக்கு வைஃபை வந்திருந்தது.

ஹாலுகெரேக்கு நாலு பக்கமும் மலை. செல்ஃபோன் சிக்னல் மலையேறி வருவதற்குள் களைத்துப்போய் அந்தப் பக்கமே தங்கிவிடும். ஹலோ சொல்ல வேண்டுமென்றால் பசவேஸ்வரர் கோயில் மதிலோரம் நின்று சொல்லலாம். தேர்வு முடிவு பார்க்க, விண்ணப்பம் போட என்றால் பஸ் ஏறி ஷிவமொக்கா போயாக வேண்டும். மக்கள் மனுக் கொடுத்தார்கள், மறியல் செய்தார்கள், மறுபடி மனுக் கொடுத்தார்கள். கடைசியில் மேலிடம் மனமிரங்கி, பஞ்சாயத்து ஆபீசில் இலவச வைஃபைப் பெட்டி ஒன்றை மாட்டிவிட உத்தரவிட்டது.

கம்பெனியிலிருந்து வந்த பூஜாரி என்கிற இளைஞன் பெட்டியைக் கூடத்துச் சுவரில் மாட்டிவிட்டு ஏணியிலிருந்து இறங்கினான். நாலு மணிக்குக் கடைசி பஸ்.

“சார், செக்யூரிட்டி எப்படி வைக்கணும்?” என்றான்.

முக்கியாதிகாரி திப்பேருத்ரப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் சர்வீசில் ஒரு முடிவும் எடுக்காமலே இந்த நாற்காலி வரை வந்தவர். முடிவெடுத்த சகாக்கள் எல்லோரும் விசாரணைக் கமிஷனில் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

“செக்யூரிட்டியா? அதுக்குத்தான் ஈரண்ணா இருக்கானே.”

ஸ்டூலில் தூங்கிக்கொண்டிருந்த பியூன் ஈரண்ணா பதறி எழுந்தான். “சார், நான் அஞ்சு மணிக்கு மேல இருக்க மாட்டேன் சார். இப்பவே சொல்லிட்டேன்.”

“அந்த செக்யூரிட்டி இல்ல சார்,” என்றான் பூஜாரி. “இந்த வைஃபைக்குள்ள யார் யார் வரலாம்னு கேக்கறேன். ஒண்ணு, அப்படியே திறந்து விட்டுடலாம். யாரு வேணா வரலாம்.”

“யாரு வேணாவா? சர்க்கார் சொத்து தம்பி இது. கோயில் யானை இல்ல, போறவன் வர்றவன்லாம் தொட்டுக் கும்பிட.”

“அப்போ பாஸ்வேர்டு போட்டுடலாம் சார். ஒரு ரகசியச் சொல். தெரிஞ்சவங்க மட்டும் உள்ள வரலாம்.”

முக்கியாதிகாரி வெகுநேரம் யோசித்தார். பிறகு கேட்டார். “அந்த ரகசியத்தை ஃபைல்ல எழுதணுமா, வேண்டாமா?”

“ஃபைல்ல எதுக்கு சார்? மனசுல வச்சுக்கலாமே.”

“ஃபைல்ல இல்லாதது சர்க்கார்ல இல்லவே இல்ல. நாளைக்கு எனக்கு மாத்தல் வந்தா மனசை சார்ஜ் ஒப்படைக்க முடியுமா? சரி, எழுதறோம்னு வை. தகவல் உரிமைச் சட்டத்துல எவனாவது கேட்டா காட்டணும். காட்டினா ரகசியம் போச்சு. ஆக, எழுதினா ரகசியம் இல்ல, எழுதலைன்னா பாஸ்வேர்டு இல்ல. இது நடக்கற காரியமா?”

பூஜாரி வாழ்க்கையில் முதல்முறையாக இந்தக் கோணத்தைக் கேட்டான். கடிகாரத்தையும் பார்த்தான்.

“மூணாவதா ஒண்ணு இருக்கு சார். ஒவ்வொரு ஃபோனுக்கும் பிறக்கும்போதே கம்பெனியில ஒரு நம்பர் போட்டு அனுப்புவாங்க. யார் யார் ஃபோனை விடணுமோ அந்த நம்பரெல்லாம் பதிவு பண்ணிட்டா, அதுங்க மட்டும் உள்ள வரும்.”

பதிவு! முக்கியாதிகாரியின் முகத்தில் தீபாராதனை காட்டியது போல் ஒரு வெளிச்சம் பரவியது. தெரிந்த பாஷையில் யாரோ பேசிவிட்டார்கள்.

“முதல்லயே இதைச் சொல்றதுக்கென்ன? லிஸ்ட் தயார் பண்ணி அனுப்பறோம். நீங்க ஏத்திடுங்க.”

“அனுப்புங்க சார், அங்கிருந்தே ஏத்திடறேன்,” என்று சொல்லிக்கொண்டே பூஜாரி ஏணியைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு பஸ்ஸுக்கு ஓடினான்.

“பிறக்கும்போதே நம்பர்னா,” என்று முக்கியாதிகாரி மெல்லத் திரும்பினார், “அது பிறப்பு இறப்புப் பிரிவு.”

எல்லோரும் வனஜாக்ஷியைப் பார்த்தார்கள். அவள் பதறிப்போய் இரண்டு கைகளையும் ஆட்டி, “ம்ம்! ம்ம்ம்!” என்றாள்.

“அவங்களுக்கு வலிக்குதாம் சார்,” என்றான் ஈரண்ணா.

“பொறுப்புன்னா வலிக்கத்தான் செய்யும்,” என்று முக்கியாதிகாரி ஆர்டரில் கையெழுத்துப் போட்டார்.

வாய் வீக்கம் வடிவதற்குள் சுற்றறிக்கை வந்துவிட்டது. ‘பட்டணப் பஞ்சாயத்து எல்லைக்குட்பட்ட அலைபேசிகளின் பிறப்பு, இருப்பு மற்றும் நன்னடத்தையைத் தீர விசாரித்து, தகுதியுடையவற்றுக்கு மட்டும் சான்றிதழ் வழங்கி, கம்பியில்லா வலையமைப்பின் புனிதத்தைக் காப்பது’ என்று அது ஆரம்பித்தது. பிறப்புக்குக் கடை பில். இருப்புக்கு, அந்த ஃபோன் ஊர் எல்லைக்குள்தான் தினமும் சார்ஜ் ஏறுகிறது என்று அக்கம்பக்கத்தார் கையெழுத்து. நன்னடத்தைக்குப் பச்சை மையில் ஓர் அதிகாரி கையெழுத்து. பிறகு ஃபோனின் பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம். கூடத்துச் சுவரில், பெட்டிக்குக் கீழே, ‘அனுமதியின்றி இணைவது தண்டனைக்குரியது’ என்று பெரிய எழுத்தில் பலகையும் மாட்டியாயிற்று.

முதல் சிக்கல் புகைப்படத்தில் வந்தது.

“சார், ஃபோனோட ஃபோட்டோவை எதுல எடுக்கறதுன்னு ஜனங்க கேக்கறாங்க,” என்றாள் வனஜாக்ஷி.

“வேற ஃபோன்ல எடுக்கட்டும்.”

“அந்த வேற ஃபோன் பதிவான ஃபோனா இருக்கணுமா?”

“நல்ல கேள்வி. பதிவாகாத ஃபோன் எடுத்த படத்தை சர்க்கார் எப்படி நம்பும்? பதிவானதுதான் எடுக்கணும்.”

“இன்னும் ஒண்ணுகூடப் பதிவாகலையே சார்.”

முக்கியாதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இந்த முடிச்சை அவிழ்த்தது பழைய காமிரா. மஞ்சுநாதா ஸ்டூடியோ லோகப்பா, திரைச்சீலையும் குடையும் பரணுக்குப் போய்விட்டனவே என்று வருந்திக்கொண்டிருந்தவர், எல்லாவற்றையும் கீழே இறக்கினார். வாசலில் வரிசை நின்றது. ஃபோனை ஸ்டூலில் நிறுத்தி, பின்னால் வெள்ளைத் துணி கட்டி, “ரெண்டு பக்கப் பட்டனும் தெரியணும்! கொஞ்சம் நிமிர்த்துங்க! உறையைக் கழட்டுங்க, அரசாங்கப் படத்துல தொப்பி கூடாது!” என்று அதட்டினார். பழக்கதோஷத்தில் ஒரு ஃபோனைப் பார்த்து, “சிரிக்காதே,” என்றுகூடச் சொல்லிவிட்டார்.

ஊர் கொதித்தது. அதிகமாகக் கொதித்தவர் பாக்கு மண்டி மஹாபல ஷெட்டி. பஞ்சாயத்து வாசலில் குடையைத் தரையில் ஊன்றி நின்று பேசினார். “இதென்ன அநியாயம் ஸ்வாமி! என் கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு சர்டிஃபிகேட் கேக்கல! ஃபோனுக்கு நன்னடத்தையா? எனக்கே கிடையாது!” ஜனங்கள் கைதட்டினார்கள். பேசி முடித்து, கைதட்டு ஓய்ந்ததும், உள்ளே போய் ஒரு விண்ணப்பம் வாங்கிக்கொண்டார்.

வனஜாக்ஷியின் புருஷன் சதாசிவமும் வரிசையில் நின்றார். உயர்நிலைப்பள்ளியில் டிரில் மாஸ்டர். அதனால் நேராக நின்றார்.

“பில் எங்கே?” என்றாள் வனஜாக்ஷி.

“நீதானே அலமாரியில வச்சே.”

“அது எனக்கு வீட்ல தெரியும். ஆபீஸ்ல தெரியாது. வீட்டுக்காரர்னு சலுகை காட்டினா ஊர் பேசும். அடுத்த ஆள்!”

ஒரு ஃபோன் நேற்று ஒரு நம்பர் காட்டியது, இன்று வேறு நம்பர் காட்டியது. இக்காலத்து ஃபோன்கள் கூச்சத்தால் அப்படி மாற்றுப்பெயர் சொல்லுமாம். “என்ன சார் பண்றது?” என்று வனஜாக்ஷி கேட்டதற்கு, “‘என்கிற’ன்னு போடுங்க. கோர்ட்டுல அப்படித்தான் போடறாங்க,” என்றார் முக்கியாதிகாரி. அப்படிப் போட்டதும் அந்த ஃபோனுக்கு நன்னடத்தைச் சான்று கொடுக்க எந்த அதிகாரியும் முன்வரவில்லை.

இவ்வளவுக்கும் பிறகு சான்றிதழ் கைக்கு வந்தவர்கள் கூடத்துக்கு வந்து, பெட்டிக்கு நேரே சான்றிதழை விரித்துக் காட்டிவிட்டு, ஃபோனில் வைஃபையைத் தொட்டார்கள். உடனே இணைந்தது!

“பார்த்தீங்களா, சர்டிஃபிகேட் வந்ததும் எப்படி ஓடுது!” என்று ஷெட்டி பூரித்துப் போனார். பெட்டி கொஞ்சம் உயரத்தில் இருக்கிறதே, எழுத்து அதற்குத் தெரியுமோ தெரியாதோ என்று அவர் மட்டும் பூஜாரி விட்டுப்போன ஏணியில் இரண்டு படி ஏறிக் காட்டினார். அன்றிலிருந்து எல்லோரும் ஏறிக் காட்டினார்கள்.

மெல்ல மெல்ல ஊரின் பேச்சு மாறியது. சான்றிதழை லேமினேட் செய்து கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு சந்தைக்குப் போனார்கள். தரகர்கள் மாப்பிள்ளைக்கு எவ்வளவு தோட்டம் என்று கேட்டுவிட்டு, “ஃபோன் பதிவானதா?” என்றும் கேட்டார்கள். வைஃபையில் என்ன பார்த்தாய் என்று ஒருவரை ஒருவர் கேட்கவில்லை. என்றைக்குப் பதிவானது என்றுதான் கேட்டார்கள். முன்னால் பதிவானவர் பின்னால் பதிவானவருக்கு டீக்கடையில் பெஞ்சு விட்டுக் கொடுப்பதை நிறுத்தினார்.

அப்போது ஷெட்டியின் ஃபோன் இறந்தது. மண்டியில் பாக்கு வேகும் அண்டாவை எட்டிப் பார்த்தபோது சட்டைப் பையிலிருந்து உள்ளே போய்விட்டது.

“பிறப்பு பதிவாகியிருக்கு, அதனால இறப்பும் பதிவாகணும்,” என்றார் முக்கியாதிகாரி. “எப்படி இறந்தது?”

“வெந்து போச்சு ஸ்வாமி. பையில இருந்து தானா குதிச்சுச்சு.”

முக்கியாதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். “தானா குதிச்சுச்சா? அப்படின்னா தற்கொலை. போலீஸ் ரிப்போர்ட் வேணும். தூண்டினது யாருன்னும் பார்ப்பாங்க.”

“ஐயையோ, குதிக்கல, விழுந்துச்சு! விழுந்துச்சு!”

“யோசிச்சுச் சொல்லுங்க.”

“யோசிச்சுத்தான் சொல்றேன். வழுக்கி விழுந்துச்சு. நல்ல மாதிரி ஃபோன் ஸ்வாமி, அந்தப் புத்தியெல்லாம் கிடையாது.”

விபத்து என்று எழுதப்பட்டது. புது ஃபோன் வாரிசு என்று மனுப் போட்டார். ஆட்சேபம் இருந்தால் தெரிவிக்கலாம் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். ஷெட்டியின் தம்பி ஆட்சேபித்தார். இறந்த ஃபோன் கூட்டுக் குடும்பக் காசில் வாங்கியதாம். வழக்கு சிவில் கோர்ட்டுக்குப் போயிற்று. ஷெட்டி துக்கத்தோடு மூத்த மகன் ஃபோனை இரவல் வாங்கிக்கொண்டு ஏணி ஏறினார்.

அந்தச் சமயத்தில்தான் தஸ்மியா வந்தாள்.

கோயில் தெருவில் துணி தைக்கும் மெஹருன்னிசாவின் மகள். வனஜாக்ஷியின் ரவிக்கைகள் எல்லாம் மெஹருன்னிசா தைத்தவை. அந்தப் பெண் பன்னிரண்டாவதில் நல்ல மார்க் வாங்கியிருந்தாள். நர்சிங் படிக்க வேண்டுமென்று ஆசை. விண்ணப்பம் இணையத்தில்தான் போட வேண்டும். அன்று கடைசி நாள். ஷிவமொக்கா போகலாமென்றால் மூன்று நாள் மழையில் மலைப்பாதை சரிந்து பஸ் நின்றுவிட்டது.

“வனஜக்கா, பில் இல்லேன்னு போன வாரமும் திருப்பி அனுப்பிட்டாங்க,” என்றாள் மெஹருன்னிசா. “பழைய ஃபோன்க்கா. யாரோ வித்தது. பில்லுக்கு எங்க போவேன்?”

வனஜாக்ஷி அவர்களைக் கூட்டிக்கொண்டு முக்கியாதிகாரியிடம் போனாள்.

“பில் இல்லாத பிறப்பு தாமதப் பிறப்பு,” என்றார் அவர், கருணையோடு. “மாஜிஸ்திரேட் ஆர்டர் வாங்கிட்டு வரட்டும். ஒண்ணும் அவசரமில்ல.”

“அவசரம்தான் சார். இன்னைக்கு சாயங்காலம் அஞ்சு மணியோட முடியுது.”

“அப்போ நேரமே இல்ல. நேரமே இல்லாதப்போ அவசரப்பட்டு என்ன பிரயோஜனம்?”

“சார், பொண்ணோட படிப்பு...”

“பொண்ணு மேல எனக்கு ஒரு சந்தேகமும் இல்லம்மா. பொண்ணுக்குப் பிறப்புச் சான்றிதழ் இருக்கு, நீங்களே கொடுத்திருப்பீங்க. ஃபோனுக்குத்தான் இல்ல.”

தஸ்மியா அழவில்லை. கூடத்து பெஞ்சில் போய் உட்கார்ந்து, பலகையைப் பார்த்தபடி துப்பட்டா நுனியைச் சுருட்டிச் சுருட்டி அவிழ்த்தாள். அழுதிருந்தால்கூட வனஜாக்ஷிக்குப் பரவாயில்லை என்றிருந்திருக்கும்.

வனஜாக்ஷிக்கு மனசு கேட்கவில்லை. அந்த ஃபோனைத் தன் கையால் லிஸ்டில் சேர்த்துவிட்டால் என்ன, வருவது வரட்டும் என்று துணிந்தாள். “சார், பூஜாரிக்கு அனுப்பின லிஸ்ட்டோட ஆபீஸ் காப்பி எங்க இருக்கு?” என்றாள்.

“எந்த லிஸ்ட்?”

“பதிவான நம்பர் எல்லாம் அனுப்பறோம்னு சொன்னோமே சார். அவர் பெட்டியில ஏத்தறேன்னாரே.”

“அதுவா? அது இன்னும் போகலையே. மேலிடத்துக்கு ஒப்புதலுக்கு அனுப்பியிருக்கு. ஒப்புதல் வராம எப்படி அனுப்பறது?”

வனஜாக்ஷி தன் நாற்காலிக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். லிஸ்ட் போகவில்லை. பூஜாரி ஒன்றும் ஏற்றவில்லை. பெட்டிக்கு ஒரு ஃபோனையும் தெரியாது. அப்படியானால் ஷெட்டியின் ஃபோன் எப்படி இணைந்தது? ஊரே ஏணி ஏறி யாருக்குச் சான்றிதழைக் காட்டிக்கொண்டிருக்கிறது?

அவள் தன் கைப்பையிலிருந்து ஃபோனை எடுத்தாள். ஊருக்கெல்லாம் சான்றிதழ் எழுதிக் கொடுத்த அவசரத்தில் தன் ஃபோனுக்கு எழுதிக்கொள்ள அவளுக்கு நேரம் வாய்க்கவில்லை. இதுவும் சட்டப்படி பிறக்காத ஃபோன்தான். மேஜைக்குக் கீழே வைத்து, சுற்றுமுற்றும் பார்த்து, ஹாலுகெரே வைஃபையை மெல்லத் தொட்டாள்.

இணைந்தது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சாதாரணச் சிரிப்பில்லை, பல் பிடுங்கிய இடம் வரைக்கும் குலுங்கிற்று. புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். ஈரண்ணா, “மறுபடியும் பல்வலியா மேடம்?” என்று அனுதாபமாகக் கேட்டான்.

“ஆமா ஈரண்ணா. ரொம்ப. தஸ்மியாவை ரெக்கார்டு ரூமுக்கு வரச் சொல்லு.”

பிறப்புப் பதிவேடுகள் ஒரு பக்கம், இறப்புப் பதிவேடுகள் மறுபக்கம், நடுவில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து அந்தப் பெண் விண்ணப்பத்தை நிரப்பினாள். வனஜாக்ஷி வாசலில் நின்று காவல் காத்தாள். இடையில் ஒருமுறை முக்கியாதிகாரி அந்தப் பக்கம் வந்தார். “பழைய ரெக்கார்டு பூச்சி அரிக்குது சார், மருந்து போடறோம்,” என்றதும் மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்.

“அக்கா!” என்று உள்ளிருந்து குரல் வந்தது. “போயிடுச்சுக்கா! விண்ணப்பம் ஏற்கப்பட்டதுன்னு வந்திருக்குக்கா!”

மெஹருன்னிசா வனஜாக்ஷியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். “வெளிய யார்கிட்டயும் சொல்லாதே,” என்றாள் வனஜாக்ஷி.

“எங்கம்மா மேல சத்தியமா சொல்ல மாட்டேன்க்கா.”

சொல்லியிருக்க மாட்டாள்தான். ஆனால் சந்தோஷத்தை அடக்கிக்கொண்டு ரவிக்கைக்கு அளவெடுப்பது யாராலும் முடியாது. ஒரு கஸ்டமர் “என்ன மெஹருன், பூவா பூத்திருக்கே?” என்று கேட்டாள். பொழுது விடிந்து கடைகள் திறப்பதற்குள் வைஃபைக்குப் பூட்டே இல்லை என்கிற செய்தி மண்டி வரை போய்விட்டது.

மறுநாள் பஞ்சாயத்து வாசலில் கூட்டம் திரண்டது. வனஜாக்ஷி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். இத்தனை நாள் அலைக்கழித்ததற்கு முக்கியாதிகாரியை வறுத்தெடுக்கப் போகிறார்கள் என்று நினைத்து, நன்றாகக் கேட்கட்டும் என்று ஜன்னலைக் கொஞ்சம் திறந்தும் வைத்தாள்.

“என்ன அநியாயம் ஸ்வாமி இது!” என்று ஷெட்டி குடையை ஊன்றினார். “சர்டிஃபிகேட் இல்லாதவங்களும் உள்ள போகலாமாமே! அப்போ நாங்க எதுக்கு வாங்கினோம்?”

“எல்லாருக்கும் கிடைச்சா அதுக்குப் பேரு வைஃபையா? மழை!” என்றார் லோகப்பா.

வனஜாக்ஷி வெளியே வந்தாள். “கொஞ்சம் இருங்க. ஷெட்டி, உங்களுக்கு வைஃபை வருதா இல்லையா?”

“வருது.”

“நேத்து வந்துச்சா?”

“வந்துச்சு.”

“அந்தப் பொண்ணுக்கும் வந்ததால உங்களுக்குக் குறைஞ்சுச்சா?”

“வேகம் குறையல மேடம். மரியாதை குறைஞ்சுபோச்சு!”

கூட்டம் ஆரவாரித்தது. பாதி வழியில் இருந்தவர்கள்தான் இன்னும் கோபமாக இருந்தார்கள். “என் ஃபோனுக்குப் போன வாரம்தான் மாஜிஸ்திரேட் ஆர்டர் வந்துச்சு. இப்போ சும்மாவே கிடைக்குமாம்! இந்த ஆர்டரை வச்சு ஊறுகாயா போடறது?” என்றார் ஒருவர். சான்றிதழே கேட்காமல் இருந்தவர்களும் வந்திருந்தார்கள். திறந்துதான் கிடக்கிறது என்று தெரிந்த பிறகும் அவர்களில் ஒருவர்கூட ஃபோனை வெளியே எடுக்கவில்லை. பூட்டில்லாத இடத்துக்குள் யார் போவார்கள் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்கள். பின்னாலிருந்து யாரோ, “பூட்டு, பூட்டு! வைஃபையைப் பூட்டு!” என்று எடுத்துக் கொடுத்தார்கள். அது நல்ல தாளத்தில் இருந்ததால் எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள்.

பதிவுபெற்ற அலைபேசி உரிமையாளர் நல அபிவிருத்திச் சங்கம் அங்கேயே உதயமாயிற்று. ஷெட்டி தலைவர். முதல் தீர்மானம், பிறக்காத ஃபோனோடு உள்ளே நுழைந்த தையல்கடைப் பெண்மீது நடவடிக்கை எடுத்து, அவள் விண்ணப்பத்தை ரத்துச் செய்ய மேலிடத்துக்கு எழுத வேண்டும்.

தெருமுனையில் மெஹருன்னிசா மகளை அணைத்துக்கொண்டு நின்றாள். வனஜாக்ஷி முக்கியாதிகாரியின் அறைக்கு விரைந்தாள். சிரித்துவிட்டுப் போகிற விஷயமாக இருந்தது இப்போது அந்தப் பெண்ணின் தலைக்கு வந்துவிட்டது.

முக்கியாதிகாரி பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். “ஜனங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கே. எழுதிடலாமா?”

இத்தனை வருஷம் இந்த ஆபீசில் பழகிய பாஷை வனஜாக்ஷிக்குக் கைகொடுத்தது. பதிவேட்டைக் கொண்டுவந்து அவர் முன் விரித்தாள்.

“எழுதலாம் சார். ஆனா எந்த ஃபோன் நுழைஞ்சுச்சுன்னு எழுதறது? பாருங்க, அந்த ஃபோன் நம்ம பதிவேட்டுல பிறக்கவே இல்ல.”

“பிறக்கல.”

“நீங்கதான் போன வாரம் மனுவைத் திருப்பி, ‘பிறப்புக்கு ஆதாரமில்லை’ன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க.”

“போட்டிருக்கேன்.”

“பிறக்காத ஃபோன் எப்படி சார் குற்றம் செய்யும்? நுழைஞ்சுச்சுன்னு எழுதினா, பிறந்திருக்குன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். அப்புறம் ஏன் சர்டிஃபிகேட் கொடுக்கலைன்னு மேலிடம் நம்மளைக் கேக்கும்.”

‘மேலிடம் கேட்கும்’ என்ற சொல் முக்கியாதிகாரியின் காதில் விழுந்ததும் பேனா மூடிக்கொண்டது. அவர் வாசலுக்கு வந்து கைகூப்பினார். “பெரியோர்களே! தீர விசாரித்ததில், நடந்ததாகச் சொல்லப்படும் சம்பவம், இல்லாத ஃபோனால் நடந்திருப்பதால், நடக்கவே இல்லை என்று தெரியவருகிறது.”

கூட்டம் ஒரு நிமிஷம் யோசித்தது. பிறகு தலையாட்டியது. இவ்வளவு சான்றிதழ் வாங்கிய ஜனங்களுக்கு இது புரியாமல் போகுமா?

“அது போகட்டும். பூட்டு?” என்றார் ஷெட்டி.

பாதை சீரானதும் பூஜாரியை வரவழைத்தார்கள். அவன் ஏணியைத் தான் விட்ட இடத்திலேயே கண்டு ஆச்சரியப்பட்டான். அதன் படிகள் ஏன் இவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்று அவனுக்கு விளங்கவில்லை.

“எந்த செக்யூரிட்டி வைக்கணும் சார்?”

“எல்லாம்!” என்றது சங்கம், ஒரே குரலில்.

“எல்லாம் வேண்டாங்க. ஒரு பாஸ்வேர்டு போதும். நல்லா நீளமா ஒண்ணு போட்டு எல்லாருக்கும் சொல்லிட்டா...”

“எல்லாருக்குமா? அதுவும் ஒண்ணே ஒண்ணா? எங்களை ஏழைன்னு நினைச்சியா?”

பூஜாரி எல்லாவற்றையும் வைத்தான். வைஃபையின் பெயரை யார் கண்ணுக்கும் தெரியாதபடி மறைத்தான். லிஸ்ட்டுக்கு மேலிடத்து ஒப்புதல் இன்னும் வராததால் பெட்டியில் ஏற்ற வேண்டிய பட்டியல் காலியாகவே இருந்தது. அதை அப்படியே ஏற்றினான். பாஸ்வேர்டை முக்கியாதிகாரி தனியறையில் கண்ணை மூடிக்கொண்டு தட்டினார். என்ன தட்டினோம் என்று அவருக்கே தெரியாது. ஆதலால் அதை எழுத வேண்டுமா, வேண்டாமா என்ற பழைய சங்கடமும் தீர்ந்தது.

அன்று முதல் ஹாலுகெரே வைஃபைக்குள் ஓர் ஈ, எறும்புகூட நுழைந்ததில்லை. முக்கியாதிகாரிக்கு மைசூர்த் தலைப்பாகையும் சந்தன மாலையும் போட்டுப் பாராட்டு விழா நடத்தினார்கள். ஒருவருக்கும் வைஃபை வரவில்லை, ஒருவரும் முணுமுணுக்கவில்லை. வராத வைஃபைக்குத் தகுதியுடையவர்கள், தகுதியில்லாதவர்கள் என்று ஊர் தெளிவாக இரண்டாகப் பிரிந்திருந்தது. அதுவே போதுமாயிருந்தது.

தஸ்மியாவுக்கு இடம் கிடைத்தது. தகரப் பெட்டியும் குடையுமாக அவள் பஸ் ஏறியபோது வனஜாக்ஷி வழியனுப்பப் போனாள். பஸ் மலை திரும்பும் வரை அவளும் மெஹருன்னிசாவும் கை காட்டிக்கொண்டிருந்தார்கள். ஊரில் புத்தி தெளிந்தவள் தான் ஒருத்திதான் என்று வீடு திரும்பும்போது வனஜாக்ஷிக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதில் சங்கடம் ஒன்றும் இல்லை. கொஞ்சம் இனிப்பாகத்தான் இருந்தது.

அந்த வாரம் சங்கத்தின் வேண்டுகோளுக்கிணங்க, பதிவான ஃபோன்களை முதல் தரம், இரண்டாம் தரம் என்று பிரித்துப் பட்டியல் ஒட்டினார்கள். வனஜாக்ஷியின் ஃபோனுக்கும் கௌரவ முறையில் சான்றிதழ் கொடுத்து, இரண்டாம் தரத்தில் சேர்த்திருந்தார்கள். சதாசிவத்தின் ஃபோன் முதல் தரம்.

அவள் பட்டியலைப் படித்து, விழுந்து விழுந்து சிரித்தாள். வீட்டுக்கு வந்து புருஷனிடம் சொல்லியும் சிரித்தாள். சதாசிவமும் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, சமையலறைப் பிளக்கில் அவள் ஃபோனோடு சேர்த்துச் சார்ஜ் போட்டிருந்த தன் ஃபோனை மெதுவாகக் கழற்றி, கூடத்துக்குக் கொண்டுபோய்த் தனியாகச் செருகினார்.

“ஏன்?” என்றாள் வனஜாக்ஷி.

“ஒண்ணுமில்ல. சும்மாதான்.”

மறுநாள் காலை முக்கியாதிகாரி காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தபோது எதிரே வனஜாக்ஷி வந்து நின்றாள். முகத்தில் நகைப்பின் சாயல்கூட இல்லை.

“சார், தப்பா நினைக்கக் கூடாது. தரம் பிரிக்கிறது சுத்த முட்டாள்தனம்னுதான் நான் சொல்லுவேன்.”

“சொல்லுங்கம்மா.”

“ஆனா பிரிக்கிறதுன்னு ஆன பிறகு... என் ஃபோன் எப்படி சார் இரண்டாம் தரம்?”

முக்கியாதிகாரி காப்பியை ஒரு வாய் குடித்தார். மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்து அவள் பக்கம் தள்ளினார்.

“மேல்முறையீடு எழுதிக் கொடுங்க.”

வனஜாக்ஷி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“ஃபோட்டோ புதுசா எடுக்கணுமா சார்?” என்றாள்.